ஜூரித் தேர்வில் நேர்ந்த பிழைக்காக ஒரு தண்டனையை ரத்து செய்வது நியாயமா?

ஆதாரங்கள் தெளிவாக இருக்கும்போது, ஜூரியை, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவைத் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனையை ரத்து செய்வது, சட்ட நுணுக்கத்தைக் காட்டிக் குற்றவாளியைத் தப்பவிடுவது ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க வழக்கு ஏதோ ஒன்றைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி என்னைத் தைத்ததால் எழுதுகிறேன். ஆதாரம் தெளிவாக இருக்கிறதா என்பதை முடிவு செய்பவர்களே ஜூரர்கள்தாம். அவர்களைப் பொறுக்கிய விதத்திலேயே அநீதி இருந்தால், ஆதாரம் தெளிவானது என்று யார் சொல்லி நம்புவது?

கிளாரன்ஸ் நாரிஸ் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1931 மார்ச் 25 அன்று அலபாமா மாநிலத்தின் பெயின்ட் ராக் என்ற சிற்றூரில் ஒரு சரக்கு ரயிலை நிறுத்தி, அதில் வந்த நாரிஸ் உட்பட ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்தார்கள். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், இவர்கள் தங்களை வன்புணர்ந்ததாகக் கூறினார்கள். ஏறத்தாழ இரண்டே வாரங்களில் ஸ்காட்ஸ்பரோ நகரில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. முறையான வழக்கறிஞர் உதவி கிடைக்கவில்லை என்று அவர்களில் ஏழு பேரின் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932இல் ரத்து செய்ய, மறுவிசாரணை டெகேட்டர் நகரில் நடந்தது. அங்கே அப்பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கூண்டில் ஏறியே சொன்னார். அதன் பிறகும் அந்த இளைஞர்களில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சனை ஜூரி குற்றவாளி என்றது. அந்த முடிவை ஆதாரத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கித் தள்ளிய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். வேறொரு நீதிபதியின் முன் நாரிஸுக்கு மீண்டும் மரண தண்டனை கிடைத்தது.

நாரிஸின் மேல்முறையீட்டில் வழக்கறிஞர் சாமுவேல் லெய்போவிட்ஸ் எழுப்பிய வாதம், கறுப்பினத்தவர் எவரையும் ஜூரியில் சேர்ப்பதே இல்லை என்பதுதான். ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் மாவட்டத்தில் 21 வயதைக் கடந்த கறுப்பின ஆண்கள் 666 பேர் இருந்தும், அவர்களில் ஒருவர் ஜூரியில் அமர்ந்ததாக நினைவுள்ளவர் அந்த ஊரில் யாருமில்லை. ஜூரர் பட்டியலில் சில கறுப்பினத்தவர் பெயர்கள் இருக்கின்றனவே என்று அரசுத் தரப்பு காட்டியது. அந்தப் பெயர்கள் பட்டியல்களின் இறுதியில், பழைய பட்டியல் முடிந்ததற்கு அடையாளமாகப் போட்டிருந்த சிவப்புக் கோட்டை ஒட்டி இருந்தன. அவை பின்னர் செருகப்பட்டவை என்று கையெழுத்து வல்லுநர் ஒருவர் சாட்சியம் அளித்தார். அசல் பதிவேடே வாஷிங்டனுக்கு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். டெகேட்டர் இருக்கும் மார்கன் மாவட்டத்து ஜூரர் பட்டியலைத் தயாரித்த ஆணையர் ஒருவரோ, நேர்மையும் அறிவும் நல்லொழுக்கமும் உடையவர் என்று பெயரெடுத்த ஒரு கறுப்பினத்தவரைக்கூடத் தமக்குத் தெரியாது என்று கூறியிருந்தார். 8,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வாழ்ந்த மாவட்டம் அது. தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அந்தக் கூற்றை ஏற்க முடியாது என்று எழுதி, 1935 ஏப்ரல் 1 அன்று, எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதி செய்யும் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்துக்கு மாறானது என்று தண்டனையை ரத்து செய்தார்.

அந்த ஆணையரின் வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். இங்கே அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற பிறகு எனக்கும் ஜூரி அழைப்பாணை வந்தது. ஒரு திருட்டு வழக்கு. சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு வரிசையாக அமர்ந்திருந்தோம். எல்லோரிடமும் வேலை, குடும்பம், உறவினரில் காவலர் உண்டா என்று கேட்டுவந்த வழக்கறிஞர், என்னிடம் மட்டும், இரண்டு பேர் வேகமாக ஆங்கிலத்தில் பேசினால் உங்களால் தொடர்ந்து புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். பல ஆண்டுகளாகக் கட்டுமானப் பொறியாளராக ஆங்கிலத்திலேயே ஒப்பந்தம் பேசி, அறிக்கை எழுதி வருபவன் நான், முடியும் என்றேன். பிறகு இரு தரப்பாரும் ஒரு தாளில் எதையோ குறித்துக் கைமாற்றிக்கொண்டார்கள். நீதிமன்ற எழுத்தர் சில எண்களை வாசித்து, நன்றி, நீங்கள் போகலாம் என்றார். என் எண்ணும், என் பக்கத்தில் இருந்த வயதான கறுப்பினப் பெண்மணியின் எண்ணும் அவற்றில் இருந்தன. நிறம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. காரணம் கூறாமலே சிலரை நீக்க இரு தரப்புக்கும் சட்டம் உரிமை தருகிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், என்ன குறை கண்டார்கள் என்று தெரியாமலே வீடு திரும்பியது இன்றும் உறுத்துகிறது. இந்த வருத்தத்தை உறவினர்களிடம் சொன்னால், தப்பித்தாயே என்று வாழ்த்துகிறார்கள். அழைப்பாணையைத் தட்டிக்கழிக்க யோசனை கேட்டு நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளைப் பார்க்கும்போது, இந்த இடத்துக்காகச் சிலர் எவ்வளவு போராடினார்கள் என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது.

பட்டியலில் பெயர் வந்தபின் நிறத்தைப் பார்த்து நீக்குவதை 1986இல்தான் உச்ச நீதிமன்றத்தின் பேட்சன் வழக்குத் தீர்ப்பு திறம்படக் கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகும் ஜார்ஜியாவில் திமோத்தி ஃபாஸ்டர் வழக்கில், அரசுத் தரப்பின் குறிப்புகளில் கறுப்பினத்தவர் பெயர்கள் பச்சை நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது வெளிவந்து, 1987இல் விதித்த தண்டனை 2016இல் வீழ்ந்தது.

பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில் என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் மீண்டும் ஒரு விசாரணையைத் தாங்க வேண்டியிருப்பது கொடுமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழி ஜூரியைக் கெடுத்தவர்களைச் சேர வேண்டும். மேலும், ரத்து என்றால் விடுதலை அன்று, பெரும்பாலும் மறுவிசாரணைதான். நீங்கள் அஞ்சுவதுபோல நாரிஸ் தப்பிவிடவில்லை. 1937இல் அவருக்கு மறுபடியும் மரண தண்டனை விதித்தார்கள், 1938இல் அதை ஆளுநர் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார், 1940களில்தான் அவர் பரோலில் வெளியே வந்தார். அலபாமா அவருக்கு முழு மன்னிப்பு வழங்கியது 1976இல். அப்போது அவருக்கு வயது 64.