மொத்தமாகப் படம் மாற்றுவதும் கணினி விட்டுக் கணினி கொண்டுபோவதும்: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன, வந்த வரிசையில் போகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எந்த மொத்த மாற்றத்தையும் மூலப் படங்களின் மேல் ஓட்டாதீர்கள். கோப்புறையை வேறொரு வட்டில் நகல் எடுங்கள், நகலில் பத்துப் படங்களை மட்டும் மாற்றித் திறந்து பாருங்கள், அப்புறம் மீதியை ஓட்டுங்கள்.

கேள்வி: ஐபோனில் எடுத்த 400 படங்களும் ஹெய்க் என்ற பட வடிவக் கோப்புகளாக இருக்கின்றன. விண்டோஸில் திறக்கவில்லை. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றியும் பயனில்லை, சார்.

பதில்: பெயரை மாற்றினால் பெயர்தான் மாறும். உள்ளே இருக்கும் தரவு அப்படியேதான் இருக்கும். ஆப்பிள் 2017இல், ஐஓஎஸ் 11 வந்தபோது, இந்த வடிவத்துக்கு மாறியது. ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில்தான் படம் உள்ளே அடைக்கப்படுகிறது. அதனால் விண்டோஸுக்கு இரண்டு துணைக்கருவிகள் தேவை: பெட்டியைத் திறக்க ஹெய்ஃப் நீட்சி, உள்ளே இருப்பதை விரிக்க ஹெச்இவிசி நீட்சி. பலர் முதலாவதை மட்டும் நிறுவிவிட்டுத் திறக்கவில்லை என்கிறார்கள்.

உங்கள் 400 படங்களையும் இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் கருவியில் ஜேபெக்காக (ஜேபிஜி என்பதும் இதுதான்) மாற்றலாம், தரம் 90 வைத்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: ஐபோன் படங்களின் வண்ணம் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான வெளியில் இருக்கும். அந்த வண்ணக் குறிப்பைத் தூக்கிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் படம் வெளிறித் தெரியும். முதலில் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண வெளிக்கு மாற்றுங்கள், குறிப்பை நீக்குவது அதற்குப் பிறகுதான். இனி எடுக்கும் படங்களுக்கு, கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குள் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்துகொண்டால் நேரே ஜேபெக்காகவே வரும். ஹெய்க் மூலங்களை அழிக்காதீர்கள்.

கேள்வி: இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை ஒன்றை ஓட்டினேன். 1,200 படங்களும் 800 பிக்சலாகச் சுருங்கிவிட்டன. பழைய அளவு திரும்பக் கிடைக்குமா?

பதில்: சுருங்கிய கோப்பிலிருந்து கிடைக்காது. படிக்கவே கஷ்டமாக இருந்தது. மோக்ரிஃபை அதே கோப்பின் மேலேயே எழுதும் கருவி. பாத் என்ற தெரிவில் வேறு கோப்புறையைக் காட்டினால்தான் மூலம் பிழைக்கும். படம் எடுத்த மெமரி கார்டு இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பாருங்கள். அழித்த படங்கள்கூட, மேலே வேறெதுவும் எழுதப்படாத வரை, பெரும்பாலும் கிடைத்துவிடும். மீட்டதைக் கார்டிலேயே சேமிக்காதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் படம் மாற்ற இமேஜ்மேஜிக்கின் கன்வர்ட் கட்டளையை அடித்தால் படத்தை விட்டுவிட்டு டிரைவ் பற்றி ஏதோ பிழை சொல்கிறது.

பதில்: விண்டோஸுக்கே அந்தப் பெயரில் ஒரு கட்டளை உண்டு, வட்டு கோப்புகளைச் சேமிக்கும் முறையை ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸுக்கு மாற்றுவது. அதைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். இமேஜ்மேஜிக் 7இல் கன்வர்ட்டுக்குப் பதிலாக மேஜிக் என்றே தொடங்குங்கள்.

கேள்வி: அண்ணா, மேக்கிலிருந்து பென் டிரைவில் 300 படம் கொண்டுவந்தேன். விண்டோஸில் 600 காட்டுகிறது. பாதி பிழையாகிறது.

பதில்: புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த பெயர்களைப் பாருங்கள். மேக் தன் கூடுதல் தகவலை அப்படித் தனிக் கோப்பாக எழுதி வைக்கும். அவை படங்கள் அல்ல, சில கிலோபைட்தான் இருக்கும். மாற்றும் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கேள்வி: வெப்பி என்ற வடிவில் இருந்த படக் கோப்புக்கு ஜேபிஜி என்று பெயர் மாற்றினேன், ஒரு மென்பொருளில் திறக்கிறது, இன்னொன்றில் இல்லை.

பதில்: முதல் பதில்தான். திறக்கும் மென்பொருள் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்க்கிறது, திறக்காதது பெயரை நம்புகிறது.

கேள்வி: பழைய மேக் வட்டிலிருந்து தமிழ்ப் பெயர் வைத்த படங்களை லினக்ஸுக்கு நகலெடுத்தேன். பட்டியலில் ‘கோயில்-01’ கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்கிரிப்டில் அதே பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது.

பதில்: அருமையான கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. நீங்கள் விசைப்பலகையில் தட்டுவதோ சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில் மட்டுமே இது நடக்கும். அதனால்தான் ‘மலை-01’ சரியாக ஓடும், ‘கோயில்-01’ ஓடாது.

தீர்வு கான்வ்எம்வி என்ற, கோப்புப் பெயர்களை மாற்றும் கருவி. என்எஃப்சி, அதாவது சேர்ந்த வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் என்னென்ன மாறும் என்று காட்டுவதோடு நின்றுவிடும். பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகு நோடெஸ்ட் தெரிவோடு ஓட்டுங்கள்.

கேள்வி: இந்த வம்பெல்லாம் எதற்கு? கோப்புப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாமே.

பதில்: நான் சொல்ல மாட்டேன். ஒருவர் தன் வீட்டுப் படங்களுக்குத் தன் மொழியில் பெயர் வைப்பதில் தவறே இல்லை. தேடும்போது மனதில் வருவது ‘பாட்டி ஊஞ்சல்’தான். அதை ஆங்கில எழுத்தில் மாற்றினால் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார், பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: மேலே கேட்டவன்தான். நீங்கள் உணர்ச்சியில் பேசுகிறீர்கள். ஜிப் செய்து அனுப்பினால் தமிழ்ப் பெயர் குப்பையாக வருகிறது, நீளப் பெயர் லினக்ஸில் நகலாவதே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இரண்டும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் காரணம் தெரியும், வழியும் உண்டு. பழைய ஜிப் கருவிகள் பெயர் யூடிஎஃப்-8இல் (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) இருக்கிறது என்ற அடையாளத்தைப் போடாமல் விட்டுவிடும். பிரிக்கும் கணினி வேறு எழுத்துமுறை என்று நினைத்துப் படிக்கிறது. 7-ஜிப்பின் சொந்த வடிவத்தில் கட்டினால் அந்தத் தொல்லை வராது.

நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட் வரை போகலாம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆகவே 85 குறியீடுகள். ‘கோ’ சேர்ந்த வடிவத்தில் 6 பைட், பிரிந்தால் 9. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் 255 குறியீடுகளை அனுமதிப்பதால் அங்கே வைத்த நீளப் பெயர் இங்கே நுழையாது. பெயரை 40 குறியீடுகளுக்குள் வையுங்கள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு வேண்டாம், ஆங்கிலப் பெயருக்கும் இதே விதிதான். வேலை செய்ய வேண்டியது கருவி. அதற்காக மொழியை விட்டுக்கொடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அளவைக் குறைக்க, கூடுதல் தகவலை நீக்கும் ஸ்ட்ரிப் தெரிவைப் போட்டேன். நிமிர்ந்து இருந்த படங்கள் எல்லாம் படுத்துவிட்டன.

பதில்: கேமரா படத்தைத் திருப்பி எழுதுவதில்லை. ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் (படத்தோடு சேர்ந்திருக்கும் தகவல் பகுதி) ஒரு எண்ணை, 1 முதல் 8 வரை, எழுதி வைக்கும். ஸ்ட்ரிப் அந்த எண்ணை அழித்துவிட்டது. நகல் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூலத்திலிருந்து மறுபடி நகல் எடுத்து, அதில் படத்தையே திருப்பி எழுதும் ஆட்டோ ஓரியண்ட் முதலில், ஸ்ட்ரிப் பிறகு.

கேள்வி: பிஎன்ஜி படத்தை ஜேபெக் ஆக்கினால் பின்னணி கறுப்பாகிறது.

பதில்: ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி கிடையாது. பின்னணி வெள்ளை என்று சொல்லி ஆல்ஃபாவை, அதாவது ஒளிபுகும் தகவலை, நீக்குங்கள்.

கேள்வி: ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. போன விவரம் போனதுதான், கோப்பு மட்டும் பெருக்கும்.

கேள்வி: டிஃப் வடிவப் படக் கோப்புக்கு ஜேபிஜி என்று பெயர் மாற்றினால்…

பதில்: மாறாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: வீடியோக்களையும் இப்படி மொத்தமாக மாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்: அது என் துறை இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் பழகியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கோயில் படங்கள் கேட்டவன். கான்வ்எம்வி ஓட்டினேன், எல்லாம் மாறிவிட்டன, ஸ்கிரிப்டும் ஓடுகிறது. ‘கோபுரம்-07’ மட்டும் மாற மறுக்கிறது. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதாம்.

பதில்: சேர்ந்த வடிவில் ஒன்று, பிரிந்த வடிவில் ஒன்று என இரண்டு கோபுரம்-07 ஒரே கோப்புறையில் இருக்கின்றன. முன்பு எப்போதோ வேறு கணினி வழியாக ஒரு நகல் வந்திருக்கும். எதையும் அழிக்காதீர்கள். பிரிந்த வடிவில் உள்ளதை ‘கோபுரம்-07-பழையது’ என்று மாற்றி வைத்து, இரண்டின் அளவையும் எடுத்த தேதியையும் பாருங்கள். அளவு வேறாக இருந்தால் இரண்டையும் முழு அளவில் திறந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.