வலிப்பும் தூக்கமும்: இஇஜி அறையிலிருந்து சில பதில்கள்

பிறர் தூங்குவதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். தலையில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, விடியும்வரை திரையில் ஓடும் மூளை அலைகளைக் கவனிக்கும் இஇஜி டெக்னீஷியன். மருத்துவன் அல்ல. மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்காமல் நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து எகிறி விழுந்தது. சற்று நேரத்தில் நினைவிழந்து வலிப்பு வந்துவிட்டது. தூக்கம் கெட்டதுதான் காரணமா?

பதில்: பிரஷ்ஷைப் பற்றி எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு முதல் பதில். இதற்கு முன்பும் காலை வேளையில் சீப்போ டம்ளரோ கையிலிருந்து தெறித்ததுண்டா? தோள் திடீரென வெட்டி இழுத்ததுண்டா? பலர் அதைக் கைநடுக்கம், பதற்றம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பதின்வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் அடையாளமே அதுதான். விழித்தெழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெட்டி இழுக்கும், நினைவு தப்பாது. எப்போதாவது அது பெரிய வலிப்பில் போய் முடியும். தூங்காத இரவும் மதுவும் அதற்கு ஆகவே ஆகாதவை.

உங்களுக்கு இருப்பது அதுதானா என்று சொல்ல நான் யார்? ஆனால் மருத்துவரிடம் பெரிய வலிப்பை மட்டும் சொல்லிவிட்டு இந்த வெட்டலைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். வேறு வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமாஸெபைன் என்ற மருந்து, இந்த வகையை மோசமாக்கிவிடக்கூடும். மற்றபடி, தூக்கம் கெட்டால் எல்லோருக்கும் வலிப்பு வரும் என்றால் இரவுப் பணிக்காரனான நான் எப்போதோ விழுந்திருப்பேன். மூளையில் அந்த இயல்பு முன்பே இருக்கிறது. கெட்ட தூக்கம் அதைக் கிளறிவிடுகிறது.

கேள்வி: தூங்கும்போது மூளை ஓய்வில்தானே இருக்கிறது? அப்போது ஏன் வலிப்பு வர வேண்டும்?

பதில்: ஓய்வா! திரையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். விழித்திருக்கும் மூளை சந்தை இரைச்சல். அவரவர் பேச்சு அவரவருக்கு. கண் அயர்ந்ததும் மூளையின் நடுவிலுள்ள தாலமஸும் அதன் மேலடுக்கான புறணியும் ஒரே தாளத்துக்கு வந்து, பெருங்கூட்டம் ஒன்றாகக் கைதட்டுவதுபோல் அலை எழும்பும். நரம்பணுக்கள் கூட்டாகக் கொந்தளிப்பதுதான் வலிப்பு. ஆகவே அந்தத் தாளத்தில் அது எளிதாகத் தொற்றிக்கொள்கிறது. கனவுகள் மிகுந்த தூக்கத்தில் தாளம் கலைந்துவிடும், அப்போது வலிப்பு மிக அரிது. பலருக்கு இந்நோய் தூக்கத்தில்தான் தொடங்குகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். அவரிடம் இஇஜி இல்லை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலைகளைப் பற்றி வெளியிட்டதே 1929இல்தான்.

கேள்வி: இஇஜிக்கு முந்தைய இரவு விழித்திருக்கச் சொன்னார்கள். நோயாளியை வேண்டுமென்றே வதைப்பதா?

பதில்: சாதாரணமாக எடுக்கும் அரைமணி நேரப் பதிவில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். விழித்துவிட்டு வந்தவர் படுத்த சில நிமிடங்களில் அலைகள் மெதுவாகும். தூக்கத்துக்கே உரிய கதிர் வடிவச் சிற்றலைகள் தோன்றும். அவற்றுக்கு நடுவே, வலிப்பின் தடயமாக, ஒரு கூர்முனை அலை குத்திட்டு எழலாம். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு. மருத்துவர் சொன்னால் மட்டும் விழியுங்கள். வரும்போது துணைக்கு ஆள் வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: என் கணவர் மூன்று மருந்துகள் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை. குறட்டை வேறு கூரையைப் பிய்க்கிறது.

பதில்: குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி தொடங்குகிறதா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறாரா? தூக்கப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை விழித்துக்கொள்ள, தூக்கம் துண்டு துண்டாகிறது. மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்த முகமூடி போட்டபின் வலிப்பு குறைந்தவர்கள் உண்டு.

கேள்வி: ஆறு மாதமாக வலிப்பு இல்லை. மாத்திரையால் பகலெல்லாம் தூக்கக் கலக்கம். பாதியாக்கலாமா?

பதில்: முதல் பத்தி.

கேள்வி: ஒவ்வாமை மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. தினமும் போடலாமா?

பதில்: வேண்டாம். டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகைகள் வலிப்பைத் தூண்டக்கூடும்.

கேள்வி: எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? ஞாயிறன்று ஈடுகட்டலாமா?

பதில்: பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது. ஞாயிறும் ஒரு நாள்தான்; எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

கேள்வி: எனக்கு 23 வயது. வலிப்பு இரவில் மட்டும், மாதம் ஒன்றிரண்டு முறை. அம்மா என் அறையில்தான் படுக்கிறார். இரவில் நான்கு தடவை டார்ச் அடித்து முகத்தைப் பார்க்கிறார். சொன்னால் அழுகிறார்.

பதில்: டார்ச்சைப் பிடுங்கி வையுங்கள். எது வந்துவிடுமோ என்று பயப்படுகிறாரோ, தூக்கத்தைக் கலைத்து அதை அவரே அழைத்து வருகிறார்.

ஒரு தாய்: எழுதுவது எளிது. என் மகனுக்கும் இரவில்தான் வரும். காலையில் அவன் அறைக் கதவைத் திறக்கும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது, அம்மா. அவசரத்தில் எழுதிவிட்டேன். வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 பேரில் ஒருவர் திடீரென இறக்கிறார். குழந்தைகளில் 4500 பேரில் ஒருவர். பெரும்பாலும் இரவில், யாரும் பார்க்காதபோது, பல சமயம் குப்புறக் கிடந்த நிலையில். உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடங்காதவர்களுக்கே ஆபத்து அதிகம். அறையில் ஆள் இருந்தால் அது குறைகிறது. உங்கள் பயம் வீண் பயமில்லை. நான் எதிர்ப்பது டார்ச்சை மட்டும்.

23 வயதுக்காரர்: அப்படியானால் ஆயுள் முழுவதும் இப்படித்தானா?

பதில்: மாதம் ஒன்றிரண்டு என்பதைப் பழகிப்போன கணக்காக விட்டுவைத்திருக்கிறீர்கள். முதலில் அதை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை அம்மா அதே அறையில் வெளிச்சமில்லாமல் படுக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்து அறை, திறந்த கதவு, வெட்டலை உணர்ந்து ஒலிக்கும் கைப்பட்டை.

இன்னொருவர்: கருவி தவறவிட்டால்?

பதில்: தவறவிடும்; அசைவு குறைந்த வலிப்பு அதற்குத் தெரியாது. வருடக்கணக்கில் தூங்காத அம்மாவும் ஒருநாள் அசந்துவிடுவார். வீட்டிலுள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்புங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

அதே தாய்: நான் டார்ச் அடிப்பதில்லை. இருட்டில் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

பதில்: என் வேலையும் ஏறக்குறைய அதுதான், அம்மா. எனக்கு மறுநாள் பகலில் தூங்க முடிகிறது. உங்களுக்கு?

கேள்வி: பயணத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டால் பரவாயில்லையா?

பதில்: முதல் பத்தி. பணி நேரம் வந்துவிட்டது. மின்முனை ஒட்டப் போகிறேன்.