அம்பு யாரைப் பார்த்து நிற்க வேண்டும்?

மென்பொருளின் அமைப்பை வரைந்து காட்டும் யூஎம்எல் படங்கள் பற்றி இந்த முறை பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிபென்டன்சி, அதாவது ஒன்று இன்னொன்றை நம்பி இருப்பது, பற்றியவை. நாம் டாட்டட் லைன் என்று சொல்கிறோமே, அந்தக் கோட்டின் முனையில் நிற்கும் அம்புதான் எல்லாரையும் படுத்துகிறது.

டிபென்டன்சி அம்பை எந்தப் பக்கம் போடுவது? எங்கள் டீமில் இதற்காகவே தினமும் சண்டை. (எலக்ட்ரானிக் சிட்டி)

யார் இன்னொருவரை நம்பி இருக்கிறாரோ, அவரிடம் தொடங்க வேண்டும். நம்பப்படுபவரிடம் முடிய வேண்டும். முன்னவர் கிளையன்ட், பின்னவர் சப்ளையர். சப்ளையர் மாறினால் கிளையன்டும் மாற வேண்டி வரலாம் என்பதுதான் அந்த அம்பு சொல்லும் செய்தி.

சண்டைக்குக் காரணம், டேட்டா போகும் திசையையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வது. உங்கள் தெருமுனை தர்ஷினிக்கே, அந்த நின்றபடி சாப்பிடும் ஹோட்டலுக்கே, போவோம். கவுண்டரில் காசு கொடுத்து டோக்கன் வாங்குகிறீர்கள், அதை தோசை மாஸ்டரிடம் நீட்டுகிறீர்கள். டோக்கன் மாஸ்டரிடம் போகிறது. படத்தில் அம்போ மாஸ்டரிடமிருந்து டோக்கனைப் பார்த்துப் போகும். ஏனென்றால் நாளைக்கு அச்சடித்த டோக்கன் போய் க்யூஆர் கோடு வந்தால், புதிதாகப் படிக்கக் கற்க வேண்டியவர் மாஸ்டர். மாஸ்டர் லீவில் போய் வேறு ஆள் வந்தாலும் டோக்கனுக்கு ஒன்றும் ஆகாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பெரிய படத்தில் எல்லா அம்புகளையும் டேட்டா ஓடும் திசையில் போட்டுவிட்டேன். ரிவ்யூவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, அந்தப் படத்தை நம்பி ஒருவர் ‘இதை யாரும் பயன்படுத்தவில்லை’ என்று ஒரு கிளாஸை (புரோகிராமின் ஒரு கட்டுமானத் துண்டு) நீக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அசோசியேஷனுக்கும் டிபென்டன்சிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஒரு கிளாஸ் இன்னொன்றைப் பயன்படுத்தத்தானே செய்கிறது? (மாரத்தஹள்ளி)

எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். தோசைக்கல் மாஸ்டரிடம் எப்போதும் இருக்கிறது. புரோகிராமில் அது கிளாஸுக்குள் ஒரு ஃபீல்டாக, கிளாஸ் தன்னிடமே வைத்திருக்கும் பொருளாக, இருக்கும். அது அசோசியேஷன், முழுக்கோடு. டோக்கனை வாங்கிப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டுவிடுகிறார். புரோகிராமில் அது மெத்தடுக்கு (கிளாஸ் செய்யும் ஒரு வேலை) வரும் பாராமீட்டர், அல்லது மெத்தடுக்குள் மட்டும் வாழும் லோக்கல் வேரியபிள். இதற்குத்தான் டாட்டட் லைன். மெத்தட் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கித் திருப்பிக் கொடுத்தாலும் இதே கோடுதான், மேலே ‘கிரியேட்’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்குப் புரியும்.

அசோசியேஷன் போட்ட அதே இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே டிபென்டன்சியையும் சேர்த்து வரையாதீர்கள். ஃபீல்டாகவே வைத்திருப்பவர் அதை நம்பித்தான் இருக்கிறார், அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆப்ஜெக்ட் டயகிராமில் டிபென்டன்சி வரையலாமா? (கே.ஆர்.புரம்)

விதி தடுக்கவில்லை. ஆனால் தேவைப்படுவது அரிது. ஆப்ஜெக்ட் டயகிராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை ஒரு நொடியில் எடுத்த போட்டோ. பெயருக்கு அடிக்கோடு போட்ட பெட்டிகள், அவற்றுக்கு நடுவே லிங்க் எனப்படும் முழுக்கோடுகள். ‘இது மாறினால் அதுவும் மாற வேண்டும்’ என்பது புரோகிராம் எழுதுபவரின் கவலை. அதற்குக் கிளாஸ் டயகிராமும், கிளாஸ்களை மூட்டை கட்டிக் காட்டும் பேக்கேஜ் டயகிராமும்தான் சரியான இடம்.

டிபென்டன்சி இன்ஜெக்ஷன் போட்டுவிட்டோம். இனி அம்பே வேண்டாம்தானே? (ஒயிட்ஃபீல்ட்)

அப்படியெல்லாம் மறைந்துவிடாது. முன்பு உங்கள் கிளாஸ் தனக்கு வேண்டிய ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கியது, அதனால் அந்தக் குறிப்பிட்ட கிளாஸை நோக்கி அம்பு போனது. இப்போது வெளியிலிருந்து கொடுக்கிறீர்கள். கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி ஃபீல்டில் வைத்துக்கொண்டால் அது இன்டர்ஃபேஸை (என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) நோக்கிய அசோசியேஷன். உண்மையான கிளாஸைத் தெரிந்து வைத்திருக்கும் வேலை, எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்கும் அந்த ஒரு இடத்துக்குப் போய்விட்டது. அம்பும் அங்கேதான் இருக்கிறது. இன்டர்ஃபேஸே இல்லாமல் இன்ஜெக்ஷன் மட்டும் போட்டிருந்தால், படத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று நம்பி இருந்தால்? (அல்சூர்)

பெட்டி இரண்டு, சரக்கு ஒன்று. தனியாக பில்ட் செய்ய முடியாது, தனியாக டெஸ்ட் செய்ய முடியாது, தனியாக வெளியிடவும் முடியாது. ஆர்டர் பேக்கேஜ் பில்லிங்கைக் கூப்பிடுகிறது, பில்லிங் திரும்ப ஆர்டரைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது பேக்கேஜாக எடுத்து வையுங்கள். அல்லது பில்லிங்குக்கு என்ன வேண்டும் என்பதை பில்லிங்குக்குள்ளேயே ஒரு இன்டர்ஃபேஸாக எழுதி, ஆர்டர் அதை நிறைவேற்றட்டும். அம்பு ஒரே பக்கமாகத் திரும்பிவிடும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். பொது பேக்கேஜ் என்று ஒன்று திறந்தால், அப்புறம் வீட்டுப் பரண் மாதிரி எல்லாரும் எதையாவது கொண்டுவந்து போடுவார்கள்.

எல்லா டிபென்டன்சியையும் வரைய வேண்டுமா? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

வேண்டாம். தேதியையும் ஸ்ட்ரிங்கையும் பயன்படுத்தாத கிளாஸ் உண்டா? அதையெல்லாம் வரைந்தால் டிராஃபிக்கில் திணறும் சில்க் போர்டு சந்திப்பு மாதிரி ஆகிவிடும். எது மாறினால் உங்களுக்குத் தலைவலி வருமோ அதை மட்டும் வரையுங்கள்.

டாட்டட் லைன், ஆனால் முனையில் முக்கோணம். இன்டர்வியூவில் கேட்டார்கள், முழித்தேன். (பொம்மனஹள்ளி)

உள்ளே நிரப்பாத முக்கோணம் என்றால் ரியலைசேஷன், கிளாஸ் ஒன்று இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறது. யூஎம்எல் கணக்கில் அதுவும் டிபென்டன்சி வகையறாதான், அதனால்தான் கோடு ஒரே ஜாடை. எழுத்தில் அடித்தால் படம் வரைந்து தரும் பிளான்ட்யூஎம்எல்லில் ..|> என்று அடித்தால் இது வரும். சாதா டிபென்டன்சிக்கு ..> போதும். புள்ளிக்குப் பதில் சிறுகோடுகளாக --> என்று அடித்துவிட்டால் முழுக்கோடு வந்து, படம் அசோசியேஷன் ஆகிவிடும்.