ஒரே குளிசை, இரண்டு அட்டை

கேள்வி: எனக்கு 61 வயது. அவர் போனபிறகு கொக்குவிலில் தனியாக இருக்கிறேன். 2018இலிருந்து பிறஷருக்குக் கிளினிக் போகிறேன். 2021இல் என் அக்காவின் மகன், காப்புறுதி முகவராக வேலை செய்கிறவன், என்னை மருத்துவக் காப்புறுதியில் சேர்த்தான். பிறஷர் இருக்கிறது என்று சொன்னேன். "அதெல்லாம் பரவாயில்லை சின்னம்மா" என்று அவனே படிவத்தை நிரப்பினான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். போன மாதம் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. காப்புறுதி இருக்கிறதே என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் முடிந்தது. பிறஷரை மறைத்தேன் என்று கொம்பனி காசு தர மறுத்துவிட்டது. பெறாமகனிடம் கேட்டேன். அக்கா வந்து, "என்ர பிள்ளையின்ர வேலையைக் கெடுக்கப் பாக்கிறியோ" என்று கத்திவிட்டுப் போனாள். இப்போது நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. கிளினிக்கில் ஒரு குளிசை முடிந்துவிட்டது என்று வெளியில் வாங்கச் சொன்னார்கள். அதைத் தொடங்கிய பிறகுதான் தலைச்சுற்று வந்தது. பயத்தில் இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கைநோவுக்கு மட்டும் டைக்குளோபெனக் போடுகிறேன்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை உருண்டை எழுத்தில் அழகாக எழுதியிருக்கிறது. அடியில் நீங்களே இடது கையால் கிறுக்கிய ஒரு வரியும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் குளிசை.

வீட்டில் இருக்கும் இரண்டு குளிசையின் பெயரையும் பார்த்து எழுதியது நல்லதாய்ப் போயிற்று. கிளினிக்கின் கடதாசி உறையில் மிச்சம் இருந்ததும் லொசாட்டன் என்ற பிறஷர் மருந்துதான், பாமசியில் வாங்கிய அட்டையில் இருப்பதும் லொசாட்டன்தான். பாமசி அட்டையில் கொம்பனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், மருந்தின் சொந்தப் பெயர் அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நிறமும் வேறு. புது மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள் போல. தலைச்சுற்றுக்கு அதுதான் காரணமா என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரட்டிப்பு மருந்தில் பிறஷர் இறங்கினால், குனிந்து வாளியைத் தூக்கி நிமிர்கிறபோது கண் இருட்டத்தான் செய்யும்.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் அம்மாவுக்கு இதே வேலையை நானே பார்த்திருக்கிறேன், அதுவும் பதினொரு நாள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தா. வயது போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு பாமசியில் நின்ற சின்னப் பெட்டைதான் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

எல்லாவற்றையும் நிறுத்தியது அதைவிடப் பிழை. பிறஷர் மருந்துகள் சிலவற்றைத் திடீரென விட்டால் நெஞ்சுக்கே கெடுதல். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள். உறை, அட்டை, போத்தில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். டைக்குளோபெனக்கையும் மறக்காமல் காட்டுங்கள். அந்த நோ மருந்து பிறஷரை ஏற்றக்கூடியது. லொசாட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது. வேறு ஏதாவது தருவார்கள். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் தமிழில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவது ஒன்றும் புதினம் இல்லை. துண்டோடு கொப்பியையும் நீட்டி, "இது ஏற்கெனவே போடுகிற மருந்தோ, தம்பி?" என்று கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்த காலத்தில், மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்றுதான் மல்லுக்கு நின்றார். அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவில் கேட்டால் விலையும் கொஞ்சம் குறையலாம்.

கை விஷயமாக ஒன்று. இனிமேல் கையைக் காட்டுவதற்கும் பயிற்சிக்கும் போதனா வைத்தியசாலைக்கே போங்கள். அங்கே காசு இல்லை. காப்புறுதி இருந்ததால்தான் நீங்கள் செலவழித்தீர்கள் என்பது கசப்பான பகிடி.

சரி, கொம்பனிக்கு வருவோம். பொய் நம்பிக்கை தர மாட்டேன். கொப்பி 2018இல் திறந்தது, காப்புறுதி 2021இல் எடுத்தது. படிவத்தில் பிறஷர் 'இல்லை' என்று இருந்து கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், காசு வராமலே போகலாம். யார் நிரப்பினாலும் கையெழுத்து வைத்தவரைத்தான் பிடிப்பார்கள். ஆனால் அந்தப் படிவத்தை நீங்கள் இன்னும் கண்ணால் காணவில்லையே. அதன் பிரதியை எழுத்தில் கேளுங்கள். எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கதைத்தது காற்றோடு போய்விடும். கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியும் சரிவராவிட்டால், கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிறவர் இருக்கிறார், அவருக்கு முறையிடக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. அங்கே தமிழிலேயே எழுதலாம்.

எழுதும்போது "முகவரிடம் வாயால் சொன்னேன்" என்ற உண்மையை விடக்கூடாது. அதை விட்டால் மறைத்தவர் நீங்கள் என்றாகிவிடும். எழுதினால் பெறாமகனின் வேலைக்கு ஆபத்து வரலாம். அக்கா கத்தியதற்குக் காரணம் அதுதான். அவனைக் காப்பாற்ற நீங்கள் பொய் எழுதத் தேவையில்லை. ஆனால் கடிதம் போகிறது என்பதை அவன் கொம்பனியின் வாயால் அறியக்கூடாது. அனுப்ப முதல் அவனைக் கூப்பிட்டு, படலையில் நிற்கவைக்காமல் உள்ளே இருத்தி, தேத்தண்ணி கொடுத்து வாசித்துக் காட்டுங்கள். "நீ களவு செய்தாய் என்று இதில் இல்லை, நான் சொன்னது மட்டும்தான் இருக்கு" என்று சொல்லுங்கள். அவன் தானே கொம்பனியிடம் போய்ப் பிழையை ஒப்புக்கொள்ளவும் கூடும். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், கடிதத்தை அனுப்புங்கள். 1 இலட்சத்து 80 ஆயிரம் சின்னக் காசு இல்லை.

அக்காவை இந்தக் கணக்குக்குள் இழுக்க வேண்டாம். படிவத்தை நிரப்பியது அவ இல்லை. மகனுக்காகத் தாய் கத்துவாதானே. நீங்களும் நானும் கத்தாமல் விட்டிருப்போமா? காசு வந்தால்தான் கதைப்பேன் என்று இருந்தால், கொம்பனி எழுதும் வரைக்கும் சகோதரம் இல்லாமல் இருக்க வேண்டியதுதான்.

நீங்கள் இடது கையால் எழுதிய வரி இது: "அக்கா ஓட்டோக்காரத் தம்பியிட்டை என்ர கை எப்பிடி எண்டு கேட்டவவாம்." முழுக் கடிதத்திலும் இதை மட்டும்தான் அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குக் கிளினிக்குக்கு அதே ஓட்டோவைப் பிடியுங்கள். காப்புறுதியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இறங்கும்போது, "அக்காவைக் கண்டால் விரல் மடங்குது எண்டு சொல்லு, தம்பி. பிளாஸ்ரர்தான் ஒரே கடி எண்டும் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள்.