பழைய பொலேரோவில் மைலேஜ் 12-லிருந்து 9 ஆனால்

இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இப்போதே கழற்ற விடாதீர்கள். முதலில் சக்கரங்களைப் பாருங்கள். பிரேக் வேலை பார்த்த பிறகுதான் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் 9 ஆனது என்கிறீர்கள். ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் முழுதாக விடாமல் உரசுகிறது என்பதே என் சந்தேகம்.

நெடுஞ்சாலையில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக வேகம் தணிந்து நிற்க விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். என் வண்டியில் அது பின் இடது சக்கரத்தின் பிரேக் டிரம். கைப்பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருந்தது. அது உரசிக் கிளப்பிய கருகல் வாடைக்கு, முன்னால் போகும் லாரிகளை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் அடுத்து ஏர் ஃபில்டரையும், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் குழாயையும் பாருங்கள். கரும்புகை தள்ளினால் அநேகமாக அங்கேதான்.

டயரையும் பெரிதாக மாற்றியிருந்தால் உங்கள் 9 என்ற கணக்கே பிழையாக இருக்கலாம். சுற்றளவு 5 சதவீதம் கூடினால், ஓடோமீட்டர் கிட்டத்தட்ட அதே அளவு தூரத்தைக் குறைத்துக் காட்டும். டேங்க்கை நிரப்பி, கைப்பேசி வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து, மீண்டும் நிரப்பிக் கணக்கிடுங்கள்.