ஆவர்காம்பின் உறைந்த ஆறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் ஹெண்ட்ரிக் ஆவர்காம்பின் நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். உறைந்த ஆற்றின்மேல் ஊரே சறுக்கி விளையாடுகிறது. அவர் வாய் பேசாதவர் என்று கீழே போட்டிருந்தது. தன்னால் சேர முடியாத கொண்டாட்டத்தைத் தள்ளி நின்று பார்த்த ஏக்கம்தான் இந்த ஓவியம் என்று எனக்குப் பட்டது. சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாழ்க்கைக் குறிப்பைப் படித்துவிட்டு நாம் கொண்டுபோய் ஒட்டுகிற ஏக்கம் அது என்றே நினைக்கிறேன். ஆவர்காம்ப் (1585–1634) பேச்சு வராதவர் என்பது உண்மை, அவர் வாழ்ந்த காம்பன் ஊரின் பெயரைச் சேர்த்து ‘காம்பன் ஊமை’ என்றே அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவருடைய பனிக்காட்சிகளில் கொண்டாட்டம் மட்டும்தான் இருக்கிறதா? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய பெரிய எண்ணெய் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1608 வாக்கில் தீட்டியது. பட்டும் தொப்பியுமாகச் சறுக்குகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் செத்த விலங்கு ஒன்றை நாய் கடித்து இழுக்கிறது, பழைய கதவு ஒன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்திப் பறவை பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார்கள், அசைய முடியாமல் பனியில் மாட்டிக்கொண்ட படகும் உண்டு. சிறு பனியுகம் என்கிறார்களே, அந்தக் கடுங்குளிர்க் காலம். ஆறும் கால்வாயும் உறைந்தால் படகை நம்பிப் பிழைப்பவருக்கு வேலை நின்றுபோகும். ஏங்குகிற கண் இதையெல்லாம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறது?

அப்புறம் அந்த நீர்வண்ணப் படங்கள். அவற்றில் பலவும் அவசரக் குறிப்புகள் இல்லை, பேனாவால் கோடு போட்டு வண்ணம் ஏற்றி, விற்பதற்கென்றே முடித்தவை. வானத்துக்கும் பனிக்கும் ஏறக்குறைய ஒரே வெளிர் நிறம்தான், அதனால் தொடுவானம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், முன்னால் நிற்கிற ஆட்களின் உடையில் மட்டும் வண்ணம் கனமாக விழுந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவருடைய மீன்காரர்கள். தோளில் நீளக் கழி, பக்கத்தில் கூடை, விளையாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத முகம். குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற விதத்தை அவ்வளவு சரியாக வரைய, பக்கத்தில் போய்ப் பலமுறை பார்த்திருக்க வேண்டும். ஒரே ஆளைத் தனியாக வரைந்து வைத்துக்கொண்டு வெவ்வேறு படங்களில் பயன்படுத்தியிருக்கிறார். வாங்க ஆள் இருந்த, தன் தொழில் தெரிந்த ஓவியர் அவர்.

இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இவர் வரைந்த படங்கள் நிறைய இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள், முதலில் மீன்காரர்களை.

அன்புடன்