விவாகரத்தான தங்கை தன் மகளோடு தனியாக இருக்கிறாள். எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கே அழைத்து வந்துவிட்டால் பிள்ளையின் மனசுக்கு நல்லதா?

கூட்டிக்கொண்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் தலை அதிகமாக இருந்தால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காரைக்குடிப் பக்கம் டியூஷன் எடுப்பவள் நான், எல்லா வகை வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

எங்கள் ஊரின் பெரிய வீடுகளைப் பார்க்க வருபவர்கள் முகப்பையும் உள்முற்றமான வளவையும் பார்த்து 'அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம்' என்று உருகுவார்கள். உள்ளே கதை வேறு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைத்து' விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனி, வரவு செலவு தனி. விவரமான ஏற்பாடு! அந்நாளில் அப்பாக்களோ பர்மா, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனால், திரும்ப 3 வருஷம் ஆகும்.

பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல்தான். அதில் பெரும்பங்கு பிரிவுக்கு முந்தைய சண்டை, பிந்தைய பணமுடை, பள்ளி மாறுவது, அம்மாவே உடைந்துபோவது இவற்றால் வருவது. சேர்ந்திருந்து தினம் அடித்துக்கொள்ளும் வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

என்னிடம் வந்த ஒரு பையன் வீட்டில் அப்பத்தா, சித்தப்பா, அயித்தை எல்லாரும் உண்டு. ஞாயிறு சாயந்தரம் வந்தால் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. விசாரித்தால், அவன் அம்மாவும் அப்பத்தாவும் நேரில் பேசுவதில்லை. "கரண்டு பில்லு இன்னும் கட்டலையாம்னு ஒங்க ஆத்தாட்ட சொல்லு" என்பார் அப்பத்தா. அவனும் கொண்டுபோய்ச் சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். கடைசியில் அயித்தைதான் "பயல இழுக்காதீக" என்று அதட்டி நிறுத்தினார். வலி ஒரேயடியாகப் போகவில்லை; திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறான்.

ஆகவே, அழைத்து வருமுன் பாருங்கள்: உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை யாரிடம் பயமில்லாமல் வாய் திறப்பாள்? அவள் அப்பாவைப் பற்றி அவள் காதுபடப் பேசாமல் இருக்க எல்லோராலும் முடியுமா? என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கஷ்டம்.

2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. தூக்கம், சாப்பாடு, சிநேகிதம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் மாறிக் கிடந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். ஜாதகம் பார்ப்பதானால் பாருங்கள், இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.